தானாக முளைக்கும் பூச்செடிகளை என்ன செய்வது? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டைச் சுற்றி நாலடி மண் விட்டிருக்கிற எல்லோருக்கும் ஐப்பசியில் இது நடக்கும். இரண்டு நல்ல மழை விழுந்ததும் தரை பச்சை கட்டும், பத்து நாளில் 'புல் மண்டிப் போச்சு' என்று வீட்டில் பேச்சு வரும், ஒரு ஆளைக் கூப்பிட்டு மண்வெட்டியால் செதுக்கச் சொல்லிவிட்டு, அந்த மொட்டைத் தரையில் வைப்பதற்கு நர்சரியில் போய் ஒரு டேபிள் ரோஸும் இரண்டு இட்லிப்பூவும் வாங்கி வருவோம். செதுக்கிப் போட்ட குவியலில் என்ன இருந்தது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தும்பை இருந்திருக்கும், விஷ்ணுகிரந்தி இருந்திருக்கும், ஓரிதழ்த்தாமரைகூட இருந்திருக்கலாம்.

அந்த மண்வெட்டியை ஒரு மழைக்காலம் மட்டும் தள்ளி வைக்கத் தயாராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் முளைப்பவை வேறு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 'இயற்கையாக இருக்கட்டும்' என்று அப்படியே விட்டுவிட்டால் கிடைப்பது காட்டுப்பூத் தோட்டம் இல்லை, பார்த்தீனியமும் கோரையும்தான். தானாக வருவதெல்லாம் இந்த மண்ணின் செடியும் இல்லை, கணிசமானவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவை. அதனால் இங்கே விதைக்கிற வேலை கிடையாது, பிடுங்குகிற வேலைதான் உண்டு. எதைப் பிடுங்குவது, எதை விடுவது, எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இடம் ஒதுக்குவது

முழுத் தோட்டத்தையும் விட்டுவிட வேண்டாம். ஆறடிக்கு நாலடி போதும், அதுவே பார்த்துத் தீராது. நாளில் அரை நேரமாவது நேர் வெயில் படுகிற இடமாக இருக்கட்டும். தும்பையும் விஷ்ணுகிரந்தியும் கொழுஞ்சியும் நிழலில் வராது. வாசலுக்கு நேரே வேண்டாம், துணி காயப்போடுகிற இடம் வேண்டாம், ஏனென்றால் நாயுருவி விதை ஒருமுறை வேட்டியில் ஏறினால் அப்புறம் வீட்டில் யாரும் உங்கள் திட்டத்துக்கு ஆதரவு தர மாட்டார்கள். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற பக்கமும் சரிவராது. எப்போதும் ஈரமாக இருக்கிற மண்ணில் கோரையும் புல்லும் எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

இடத்தைச் சுற்றிச் செங்கல்லோ கருங்கல்லோ வரிசையாக வைத்துவிடுங்கள். செடிக்கு அது தேவையில்லை, மனிதர்களுக்குத் தேவை. கல் வைத்த இடம் என்றால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறவருக்குப் புரியும். கல் இல்லாத இடம் என்றால் சோம்பேறித்தனம் என்று நினைத்து உதவி செய்ய வந்துவிடுவார்கள். வீட்டு வேலைக்கோ தோட்ட வேலைக்கோ வருகிறவரிடம் போனில் சொல்லி முடிக்காமல், கூடவே நின்று காட்டிச் சொல்லுங்கள். கிராமத்தில் வளர்ந்தவராக இருந்தால் இதில் உங்களைவிட அவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். 'இது துத்தி, இது நாய்வேளை' என்று அவர் பெயர் சொல்ல ஆரம்பித்ததும் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்ணைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, இந்த இடத்துக்கு எருவோ கம்போஸ்டோ போடவே வேண்டாம். மண்ணுக்குச் சத்து கூடினால் முதலில் கொழுப்பது புல்லும் உயரமான களைகளும்தான், சின்னப் பூச்செடிகள் அவற்றின் அடியில் காணாமல் போகும். இரண்டு, வண்டி மண் வாங்கி நிரப்பாதீர்கள். அதில் என்ன விதை வருகிறது என்று தெரியாது, பார்த்தீனியம் பல வீடுகளுக்குள் நுழைவது அப்படித்தான். புறநகர் மனைகளில் ஏற்கனவே இரண்டு மூன்று அடி மண் கொட்டி மேடாக்கித்தான் வீடு கட்டியிருப்பார்கள். அப்படியென்றால் அந்த ஊரின் பழைய விதைகள் கீழே புதைந்து கிடக்கின்றன, மேலே வருவது வேறெங்கோ தோண்டிய மண்ணின் விதை. ஏமாற்றமாக இருந்தால் கடைசியில் விதை சேகரிப்பது பற்றிச் சொல்லியிருப்பதைப் பாருங்கள்.

மழைக்கு முன், மழைக்குப் பின்

தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அதனால் புரட்டாசிக்குள் இடத்தைத் தயார் செய்துவிட வேண்டும். தயார் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை: பிளாஸ்டிக், உடைந்த ஓடு, சிமெண்ட் கட்டிகளைப் பொறுக்குங்கள், காய்ந்த புல்லை அகற்றுங்கள், மேல் மண்ணை ஒரு அங்குல ஆழத்துக்குக் களைக்கொத்தால் லேசாகக் கீறிவிடுங்கள். ஆழமாகக் கொத்தினால் கோரைக் கிழங்கு துண்டு துண்டாகிப் பெருகும். களைக்கொல்லி அடிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உப்பும் வினிகரும் கலந்து ஊற்றினால் 'இயற்கை முறை' என்று சிலர் செய்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம். மண்ணில் சேர்ந்த உப்பு எல்லாச் செடியையும் கெடுக்கும்.

மழை விழுந்த ஒரு வாரத்தில் முளைவிடத் தொடங்கும். சில விதைகள் ஏற்கனவே மண்ணில் உறங்கிக் கிடந்தவை. மற்றவை வந்து சேர்ந்தவை: எருக்கும் பூவாங்குறுந்தலும் பஞ்சு கட்டிக் காற்றில் வரும், கோவையும் மணத்தக்காளியும் பறவை எச்சத்தில் வரும், நாயுருவியும் மூக்கிரட்டையும் நாயின் ரோமத்திலோ உங்கள் பேண்ட்டிலோ ஒட்டி வரும்.

முதல் மூன்று நான்கு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழகுங்கள். புதியவர்களுக்கு இதுதான் சிரமம். இரண்டு இலை விட்ட கன்றுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், தெரியாமல் பிடுங்குவதற்கு இந்த நேரத்தில் எந்த அவசரமும் இல்லை. விதிவிலக்கு இரண்டு: புல்லையும் கோரையையும் முதல் வாரத்திலிருந்தே எடுக்கலாம், அவற்றை யாருக்கும் தெரியும். உண்மையில் சின்னக் காட்டுப்பூக்களுக்கு முதல் எதிரி பார்த்தீனியம்கூட இல்லை, புல்தான். அருகம்புல் இந்த ஊர்ச் செடிதான், பிள்ளையாருக்கு வேண்டியதுதான், ஆனாலும் ஆறடிக்கு நாலடியில் அது வந்தால் வேறு எதுவும் இருக்காது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது உட்கார்ந்து வேரோடு எடுங்கள்.

அடையாளம் பார்ப்பது

பூ வரும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல வேண்டாம், ஆனால் பூவுக்கு முன்பே கவனிக்கச் சில விஷயங்கள் உண்டு. தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், சதுரமாக இருந்தால் அது தும்பை, துளசி வகையறாவாக இருக்கலாம். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக வருகின்றனவா, மாறி மாறி ஒவ்வொன்றாக வருகின்றனவா? கிள்ளினால் பால் வருகிறதா? பால் வந்தால் கையைக் கண்ணில் வைக்காமல் உடனே கழுவுங்கள். கசக்கினால் என்ன வாசனை? தண்டில் ரோமம் இருக்கிறதா, பிசுபிசுப்பு இருக்கிறதா?

படம் எடுக்கும்போது பூவை மட்டும் எடுத்தால் பயன் இல்லை. முழுச் செடி ஒன்று, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், இலை தண்டோடு சேரும் இடம், பூவின் முன்பக்கம், பக்கவாட்டு, காய் இருந்தால் காய், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். கூகுள் லென்ஸ் முதல் ஊகத்துக்குப் போதும், கன்றுகளில் அது அடிக்கடி தப்பாகச் சொல்லும். ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் ஏற்றினால் செடி தெரிந்த மனிதர்கள் பார்த்துத் திருத்துவார்கள். வீட்டுத் தோட்டம் என்பதால் இடத்தை மறைத்துக் காட்டும் வசதியைப் போட்டுவிட்டு ஏற்றுங்கள். தமிழ்ப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகள்கூட உண்டு, அதனால் நோட்டில் தாவரவியல் பெயரையும் கூடவே எழுதிக்கொள்வது நல்லது.

இன்னொன்று, ஒரே நேரத்தில் பார்த்தால் பாதிப் பூக்களைத் தவற விடுவீர்கள். கானாவாழையும் விஷ்ணுகிரந்தியும் காலையில் விரிந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். துத்தி அதற்கு நேர் எதிர், பிற்பகலுக்கு மேல்தான் விரியும், ஆபீஸ் முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்ற பூ. காலை 8 மணி வாக்கில் ஒருமுறை, மாலை 4 மணிக்கு மேல் ஒருமுறை பாருங்கள்.

விட்டுவைக்க வேண்டியவை

தும்பையிலிருந்து தொடங்கலாம். முழங்கால் உயரம், சதுரத் தண்டு, தண்டைச் சுற்றி உருண்டையாகக் கொத்து, அதிலிருந்து வெள்ளை வெளேரென்று எட்டிப் பார்க்கிற சின்னப் பூக்கள். தோட்டத்தில் ஒரே ஒரு காட்டுச்செடிக்குத்தான் இடம் என்றால் நான் இதைத்தான் விடுவேன். காலை வெயிலில் பத்து நிமிடம் பக்கத்தில் நின்றால் தேனீயும் சின்னப் பட்டாம்பூச்சிகளும் வரிசையில் வருவதைப் பார்க்கலாம். வெண்டை, கத்தரி போட்டிருக்கிறவர்களுக்கு இந்தத் தேனீ நடமாட்டம் நேரடி லாபம். நெருக்கமாக முளைத்தால் அரை அடிக்கு ஒன்று விட்டுவிட்டு மற்றதைக் களையுங்கள். கிளைத்து வளர்ந்த ஒரு செடி, ஒல்லியாக நீண்ட ஐந்து செடிகளைவிட அதிகம் பூக்கும்.

விஷ்ணுகிரந்தி தரையோடு தரையாகக் கிடக்கும், இலையில் பட்டு மாதிரி ரோமம், கால் அங்குல அகலத்தில் நீலப் பூ. உயரமான செடி ஏதாவது மேலே சாய்ந்தால் வாடிப்போகும், அதனால் அதைச் சுற்றி ஒரு சாண் இடத்தைத் திறந்து வையுங்கள். பிடுங்கித் தொட்டியில் வைத்தால் பெரும்பாலும் பிழைக்காது, முளைத்த இடத்திலேயே இருக்கட்டும். ஓரிதழ்த்தாமரையும் இதே குணம்தான். இளஞ்சிவப்பில் ஒரே ஒரு பெரிய இதழ் கீழே தொங்கும், மற்ற இதழ்கள் இருக்கிற இடம் தெரியாது. செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் வரும். வந்தால் அதிர்ஷ்டம், பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள், இல்லையென்றால் மிதித்துவிடுவீர்கள்.

கானாவாழைக்குப் பூ அழகு, கண்ணைப் பறிக்கிற நீலம். ஆனால் இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும். தண்டு எங்கே ஒடிந்து விழுந்தாலும் கணுவில் வேர் விடும். அதோடு மண்ணுக்கு அடியிலும் இது பூக்கும். விரியாத பூ, அதற்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து அங்கேயே விதையாகிவிடும். மேலே பிடுங்கிவிட்டோம் என்று நினைத்தால் கீழே அடுத்த வருடத்துக்கானது தயாராக இருக்கும். ஒரு மூலையில் இரண்டு செடி போதும், காய்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் வேண்டாம்.

மூக்கிரட்டை தரையில் நாலா பக்கமும் படரும், பூ ஊதாச்சிவப்பில் குண்டூசித் தலை அளவு. கீரையாகச் சமைப்பவர்கள் இருக்கிறார்கள். வேர் ஆழமாகப் போகும் என்பதால் கோடையில் மேலே காய்ந்தாலும் அடுத்த மழைக்கு அதே இடத்தில் வந்துவிடும். பூவாங்குறுந்தல் ஒல்லியான செடி, ஊதா நிறத்தில் சின்னச் சின்ன மொட்டுபோல் பூ. பார்க்கச் சாதாரணம்தான், பூச்சிகளுக்கு அப்படித் தோன்றுவதில்லை.

வேளைச் செடிகள் இரண்டு வகை வரும். நல்வேளையில் வெள்ளைப் பூ, நீண்ட கேசரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; நாய்வேளையில் மஞ்சள் பூ, செடி முழுக்கப் பிசுபிசுப்பு. இரண்டும் நெட்டையாக வளர்ந்து சீக்கிரம் முடிந்துவிடும், பின்வரிசைக்கு ஏற்றவை. கொழுஞ்சியும் பின்வரிசைதான். அவரைக் குடும்பம், வேரில் முடிச்சுகள் இருக்கும், காற்றில் உள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கும், அதனால்தான் நெல் வயலுக்குத் தழையுரமாகப் போட்டு மிதிக்கிறார்கள். நீங்கள் மிதிக்க வேண்டாம், ஊதா கலந்த இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கட்டும்.

சிறுபூளையைப் பொங்கல் சமயத்தில் காப்புக் கட்டப் பணம் கொடுத்து வாங்குகிறோம், வீட்டு ஓரத்தில் முளைத்தால் செதுக்கி எறிகிறோம். இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல் சிறு கதிர்கள் வரும். அதே காப்புக்கட்டில் சேர்கிற ஆவாரையும் வறண்ட ஊர்களில் தானாக வரும், ஆனால் அது ஆளுயரப் புதர், மூலையில் தனி இடம் வேண்டும். இலையில் ஓட்டை விழுந்தால் பதறி மருந்தடிக்காதீர்கள், வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகளின் புழு சாப்பிட்டிருக்கும், ஆவாரை அதைத் தாங்கிக்கொள்ளும். எருக்கும் அப்படித்தான், வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடுவது அதில். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் குழந்தைகள் விளையாடுகிற வீட்டில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

துத்தி மூன்று நான்கு அடி உயரும். இதய வடிவ இலை வெல்வெட்டாக இருக்கும், பூ ஆரஞ்சு கலந்த மஞ்சள், காய் பல்சக்கரம் மாதிரி. ஒரு எச்சரிக்கை: வெண்டையும் செம்பருத்தியும் துத்தியும் ஒரே குடும்பம். மாவுப்பூச்சியும் காயில் கூட்டமாக மொய்க்கிற சிவப்புப் பூச்சியும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், வெண்டைப் பாத்தியிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்.

புளியாரை, பருப்புக்கீரை, குப்பைமேனி, இவற்றைப் பூவுக்காக யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் உங்கள் தோட்டத்தில் தரையை ஒட்டிப் பறக்கிற விரல்நக அளவு நீலப் பட்டாம்பூச்சிகளில் ஒரு வகை வளர்வது புளியாரை இலையில்தான். குப்பைமேனி வேரைப் பிடுங்கிப் போட்டால் தெருப் பூனை வந்து அதில் புரளும். வேடிக்கை பார்க்கவே ஒரு செடி விடலாம்.

சில இடங்களில் வேலியோரம் செங்காந்தள் வரும், நம் மாநில மலர். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகப் பிடித்து ஏறும். கிழங்கு உயிரைக் குடிக்கிற நஞ்சு, மற்ற பாகங்களும் நஞ்சுதான். சின்னக் குழந்தையோ மண்ணைத் தோண்டுகிற நாயோ இருக்கிற வீட்டில் வேண்டாம்.

பிடுங்க வேண்டியவை

பார்த்தீனியம் முதலில். 1955 வாக்கில் புனேயில் கண்டறியப்பட்டு நாடு முழுக்கப் பரவிய அமெரிக்கச் செடி. கன்றாக இருக்கும்போது கேரட் இலைபோல் வெட்டு வெட்டான இலைகள் தரையில் வட்டமாகப் படுத்திருக்கும். அந்த நிலையிலேயே எடுத்துவிட வேண்டும். நட்சத்திரம் சிதறிய மாதிரி வெள்ளைப் பூ வந்த பிறகு எடுத்தால் மகரந்தம் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது, ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். கையுறை போட்டு, முழுக்கைச் சட்டையோடு, மூக்கைக் கட்டிக்கொண்டு, வேரோடு எடுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். பூத்துவிட்ட செடியைக் கம்போஸ்டில் போடாதீர்கள், பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

உண்ணிச்செடி பல நிறத்தில் பூப்பதால் பலருக்குப் பிடிக்கும், பட்டாம்பூச்சியும் வரும், ஆனால் அழகுக்காகக் கொண்டுவந்து காடுகளையே அடைத்துக்கொண்ட செடி அது. உங்கள் வீட்டுப் பழத்தைத் தின்ற பறவை அடுத்த மலையடிவாரத்தில் விதைபோடும். சீமைக்கருவேலம், சுபாபுல் கன்றுகள் ஒரு சாண் உயரத்துக்குள் கையோடு வந்துவிடும், அதைத் தாண்டினால் கடப்பாரைதான். மஞ்சள் பூவோடு பாய் விரித்தாற்போல் படர்கிற சிங்கப்பூர் டெய்சியை நர்சரியிலேயே விற்கிறார்கள். அதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து வைத்திருக்கிற வீடுகள் ஏராளம். அதன் இலையில் பக்கவாட்டில் மடல் மடலாகப் பிரிந்திருக்கும், கரிசலாங்கண்ணி இலை நீண்டு ஒல்லியாக இருக்கும். உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் உண்ணிச்செடியும் சிங்கப்பூர் டெய்சியும் இருக்கின்றன.

அரசு, ஆல் கன்றுகள் சுவரோரம் வந்தால் உடனே எடுத்துத் தொட்டிக்கு மாற்றி, இடம் இருக்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள். சிறுகாஞ்சொறி ஒரு தடவை தொட்டால் நீங்களே பிடுங்கிவிடுவீர்கள், கையுறையோடு. நெருஞ்சி நம் ஊர்ச் செடி, மஞ்சள் பூவும் அழகுதான், ஆனால் அதன் முள் செருப்பைத் தாண்டும், நடக்கிற இடத்தில் வந்தால் காய்க்கும் முன் எடுங்கள். ஊமத்தை முழுக்க நஞ்சு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. வெட்டுக்காயப்பூண்டு, தொட்டாற்சிணுங்கி, அம்மான் பச்சரிசி, தண்ணீர் பட்டால் படபடவென்று வெடிக்கிற பட்டாசுக்காய்ச் செடி, எல்லாமே அமெரிக்காவிலிருந்து வந்தவை. இவற்றை நாட்டுச் செடி என்று சொல்ல முடியாது. ஆனால் மழை ஓய்ந்து மற்றதெல்லாம் காய்ந்த பிறகும் வெட்டுக்காயப்பூண்டு பூத்துக்கொண்டிருக்கும், மாசி பங்குனியில் பட்டாம்பூச்சிக்கு அதுதான் சாப்பாடு. சுத்தமாக ஒழித்தே தீர வேண்டும் என்று நிற்பவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. நாட்டுச் செடியை அமுக்காத வரை ஓரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், பட்டாசுக்காயைக் குழந்தைகளுக்காகவாவது விடுங்கள்.

வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது

பாம்பு வரும் என்பது முதல் ஆட்சேபம். பாம்பு பூவுக்கு வருவதில்லை, எலிக்கும் தவளைக்கும் ஒளிவிடத்துக்கும் வரும். செங்கல் குவியல், மரக்கட்டை, தென்னமட்டை அடுக்கு, சிந்திக் கிடக்கும் தானியம் இவற்றை முதலில் எடுங்கள். ஒதுக்கிய இடத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் மூன்றடியாவது வெறும் தரை இருக்கட்டும், செடிகளை முழங்கால் அளவுக்கு மேல் போகாமல் கத்தரியுங்கள், துத்தி, வேளை போன்ற உயரமானவை பின்னால் மட்டும். இருட்டிய பிறகு உள்ளே கை விடாதீர்கள். இவ்வளவு செய்தும் பாம்பு வராது என்று உத்தரவாதம் தர முடியாது, தோட்டம் இருக்கிற எந்த வீட்டுக்கும் அப்படித்தான்.

கொசு பற்றிய பதில் எளிது. செடியில் கொசு முட்டையிடுவதில்லை, தேங்கிய தண்ணீரில் இடும். டெங்கு கொசுவுக்குத் தொட்டித் தட்டில் நிற்கிற தண்ணீரே போதும். பகலில் தழைக்குள் கொசு ஒதுங்கி நிற்கும் என்பது உண்மை, அதனால்தான் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நேரே வேண்டாம் என்றேன்.

மூன்றாவதாக ஒருவர் வருவார், இதில் எதெது எந்த நோய்க்கு மருந்து என்று சொல்வதற்கு. கேட்டுக்கொள்ளுங்கள், சுவாரசியமாக இருக்கும். ஆனால் போட்டோவை வைத்து அடையாளம் கண்ட செடியைச் சமைக்கவோ கஷாயம் போடவோ வேண்டாம், மஞ்சள் காமாலைக்கு வீட்டிலேயே கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம்.

தை, மாசி வேலைகள்

பொங்கல் முடிந்ததும் இடம் பார்க்க நன்றாக இருக்காது. தும்பை காய்ந்து பழுப்பாகும், வேளை சாயும். செதுக்கச் சொல்லி நெருக்கடி வருவதும் அப்போதுதான். இன்னும் ஒரு மாதம் தள்ளுங்கள், விதை உதிர வேண்டும். காய்ந்த தும்பைக் கொத்தைக் காகிதத்தில் கவிழ்த்துத் தட்டினால் பழுப்பு விதைகள் விழும். பாதியை அங்கேயே தூவிவிட்டு மீதியைக் காகித உறையில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆவாரை, கொழுஞ்சி விதைகளுக்குத் தோல் கெட்டி, விதைக்கும் முன் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஒரு இரவு ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும்.

அப்புறம் அரிவாளால் நாலு விரல் உயரம் விட்டு அறுங்கள். வேரோடு பிடுங்கினால் மூக்கிரட்டை, விஷ்ணுகிரந்தி போன்று பல வருடம் இருக்கிறவையும் சேர்ந்து போய்விடும். அறுத்ததை இரண்டு நாள் அங்கேயே கிடத்தி உதறிவிட்டு எடுங்கள். கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஊற்றினால் கோரை மட்டும்தான் பிழைக்கும்.

உங்கள் மண்ணில் தும்பைகூட வரவில்லை என்றால், அக்கம்பக்கத்துக் காலி மனையிலிருந்தோ வரப்போரத்திலிருந்தோ, உரியவரைக் கேட்டுக்கொண்டு, கைப்பிடி விதை எடுத்து வாருங்கள். முழுவதையும் உருவாதீர்கள், நாளைக்கு அந்த மனையில் வீடு கட்டும்வரை அங்கேயும் பூக்கட்டும். செடியைத் தோண்டி வர வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து செடியோ கிழங்கோ எடுப்பது சட்டப்படி குற்றம்.

மண்ணே இல்லாத மாடி வீடுகளுக்கும் வழி இருக்கிறது. அகலமான தொட்டி ஒன்றில் ஊர்ப்பக்கத்து வயல் மண்ணையோ பழைய தோட்டத்து மேல்மண்ணையோ நிரப்பி, எதுவும் நடாமல் வெயிலில் வையுங்கள். தேங்காய்நார்க் கலவையில் எதுவும் வராது. மழை பார்த்துக்கொள்ளும், மழை தவறினால் மட்டும் வாரம் இரண்டு தடவை தெளியுங்கள். புளியாரை, பருப்புக்கீரை, அம்மான் பச்சரிசி முதலில் வரும், மண் நல்ல இடத்து மண்ணாக இருந்தால் தும்பையும் மூக்கிரட்டையும் வரும். தொட்டியில் கோரை வந்துவிட்டால் மட்டும் மண்ணைக் கொட்டிக் கிழங்கைச் சலித்து எடுத்துவிட்டு மறுபடி நிரப்புங்கள், மேலே மேலே கிள்ளிக்கொண்டிருந்தால் போகாது.